கூடுதலாக ஓர் எழுத்து

வியாழக்கிழமை மாலைகளில்
ஆர்வில் ஹென்ஷா எங்கள் படியேறி வருவார்.
நியூயார்க், நாற்பத்தாறாம் தெரு, மூன்றாம் மாடி,
நாடகக்காரர்களின் வாரப் பத்திரிகை.
நான் பிழை திருத்துபவள்.
அவர் கையில் டோனட் பொட்டலம்,
கக்கத்தில் செய்திக் குறிப்பு:
பனிச்சறுக்கு நிகழ்ச்சியின் பெங்குயின் தப்பியோடிவிட்டதாம்.
பெங்குயின் அவர் வீட்டுக் குளியல்தொட்டியில் இருந்தது
எங்களுக்கும் தெரியும்.

"ஃபிளாக் வந்தாச்சு" என்பான் வாசல் பையன்.
விளம்பரக்காரர்களுக்கு
எங்கள் தெருவில் அதுதான் பெயர்.

ஒருநாள் என் மேசை விளிம்பில் உட்கார்ந்து கேட்டார்:
"அந்தச் சொல்லை எப்படி எழுதுவீர்கள், மிஸ் டெவ்லின்?
நடுவில் சி உண்டா, இல்லையா?"

சி இல்லாதது ஜெர்மன்காரனுடையது.
விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் பீரங்கிக்கு
வைத்த முழநீளப் பெயரை
அங்கங்கே நறுக்கிச் சேர்த்தது.
ஷ்வைன்ஃபுர்ட் வானத்தில்
கறுப்புப் பஞ்சாக அது வெடிக்க வெடிக்க
எழுத்துக்கூட்டிப் படித்தவர் ஆர்வில்.
தோளில் இன்னும் ஒரு சில்லு.
மழை வருவதை முந்திச் சொல்லும்.

சி உள்ளது எங்களுடையது.
யாரோ ஒரு சினிமா விளம்பரக்காரரின்
குடும்பப் பெயர் என்பார்கள்;
அடித்துச் சொல்ல ஆளில்லை.
பழைய கட்டுகளைப் புரட்டிக் காட்டினேன்,
போருக்கு முன்பே அச்சில் இருக்கிறது.

"அப்போ குண்டுக்கும் எனக்கும் சொந்தமில்லை."
ஏதோ உயில் கைவிட்டதுபோல் முகம்.
பிறகு சொன்னார்:
"முதலாளிக்கு விழும் அடியை
நான் வாங்கிக்கொள்வதாக நினைக்கிறார்கள்.
அதெல்லாம் அங்கே, மேலே இருந்தபோது.
இங்கே பீரங்கியே நான்தான்.
வானம் முழுக்கப் புகை விடுகிறேன்,
தரையை ஒருவரும் பார்த்துவிடாதபடி."
சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை.

மார்ச்சில் அரங்கின் மாடிக் கைப்பிடி உடைந்து
இருக்கை காட்டும் பெண் விழுந்தாள்.
கான்செட்டா. பத்தொன்பது வயது. இடுப்பெலும்பு.
டோனட் இல்லாமல் வந்தார் ஆர்வில்.
குறிப்பில் ஒரே வரி:
'சிறு, அசௌகரியம் காரணமாக
மாலைக் காட்சி அரைமணி தாமதம்.'

காற்புள்ளி தவறான இடத்தில் இருந்தது.
எடுத்தேன்.
வேறு எதையும் தொடவில்லை.

அந்த சி-க்குத் தனியே ஒலி கிடையாது.
வைத்தாலும் எடுத்தாலும் காதுக்கு ஒன்றுதான்.
அச்சுக்கோப்பவன் விரலுக்கு மட்டும் தெரியும்,
அங்கே ஓர் ஈயத்துண்டு
நின்றுகொண்டிருப்பது.