ஈரப்பதம் அறுபத்தொன்று

கதையைச் சொல்வது ஒரு இயந்திரம்.
வியாழனின் நிலவொன்றில், சுரங்கத்தில்,
ஒன்பது பேருக்குக் காற்று அனுப்புவது அதன் வேலை.
எனக்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.
சார்ஜா, ரோலா.
நாலு கட்டடம், இருநூற்றுப் பன்னிரண்டு ஏசி.

ஐம்பது பக்கம் படித்துவிட்டு
"ஒரு சண்டைகூட இல்லையேப்பா" என்று
திருப்பித் தந்துவிட்டான் செய்யது மீரான்.
இல்லைதான்.
கப்பல் எதுவும் வெடிக்கவில்லை.
பெரிய சம்பவம் என்றால்
தொண்ணூறாம் பக்கத்தில் ஒருத்தி
அடுத்த அறைக்காரனிடம் போய் உப்பு கேட்பது.
கேட்கலாமா வேண்டாமா என்று அவள் நின்ற
நாற்பது விநாடிக்கு
ஒரு முழு அத்தியாயம்.

அழுகை என்ற சொல் அந்த இயந்திரத்துக்குத் தெரியாது.
"நான்காம் அறையில் ஈரப்பதம் அறுபத்தொன்று.
குளியலறைக் கதவு திறக்கப்படவில்லை"
என்று எழுதுகிறது.
அவ்வளவுதான்.
புத்தகத்தை மார்பில் கவிழ்த்து
மேல்கட்டிலின் பலகையையே பார்த்துக் கிடந்தேன்.

ஆகஸ்ட். நிழலிலேயே நாற்பத்தாறு.
ஏழாம் மாடியில் ஒரு வீடு.
ஃபில்டரைக் கழற்றினால்
பூனை முடி, சாம்பிராணிக் கரி,
பிறந்தநாள் ஜிகினாத் துணுக்கு.
வீட்டில் பூனையும் இல்லை, குழந்தையும் இல்லை.
கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அந்த அம்மா
பதினெட்டில் வைக்கச் சொன்னார்.
வேலைச் சீட்டில் எழுதினேன்:
ஃபில்டர் சுத்தம் செய்யப்பட்டது.

இயந்திரம் ஒரே ஒரு பொய் சொல்கிறது.
பாறை சரிந்து ஆபேல் திரும்பாத இரவு
ஆறாம் அறையில் ஆள் உண்டு என்று பதிந்துவிட்டு
அவனுக்குப் பிடித்த இருபத்துமூன்றில்
விடியும்வரை காற்று அனுப்புகிறது.
ஏன் என்று அது சொல்லவில்லை.
எழுதியவரும் சொல்லவில்லை,
புண்ணியவான்.
புத்தகம் முழுக்க "நான்" என்ற சொல்
மூன்றே தடவை. எண்ணிப் பார்த்தேன்.
மூன்றாவது, அந்த இரவில்.

இருட்டில் செய்யது மீரான் கேட்கிறான்:
"கடைசியில அந்த மெஷின் மனுசனாயிடுமா?"
ஆகாது என்றேன்.
"அப்புறம் என்னத்துக்கு எழுதுனாராம்?"
பதில் யோசிப்பதற்குள் குறட்டை விட்டுவிட்டான்.

போன் ஒளிர்ந்தது. நாளைய புகார்கள்.
முதலாவது, ஏழாம் மாடி:
குளிர் போதவில்லை.
அந்த ஏசியில் ஒரு கோளாறும் கிடையாது,
எனக்குத் தெரியும்.
எட்டரைக்கு வருகிறேன் என்று பதில் போட்டேன்.