நாலு விரக்கடை கீழே

குறுக்குத்துறையில் முகம் கழுவக் குனிந்தேன்.
மூக்கில் இருந்தது ஆற்றோடு போயிற்று.
மைனஸ் எட்டு, இரண்டு கண்ணுக்கும்.
ஜங்ஷன் கடையில் லென்ஸ் தேய்த்துப் பிரேமில் பொருத்துகிறவள் நான்,
என்னுடையதையும் நானே தேய்த்தவள்,
ஜெபக்கனி,
முழங்கால் தண்ணீரில் கையை முன்னால் நீட்டிக்கொண்டு.

கண்ணாடி இல்லாமல் கண்ணாடியைத் தேட முடியாது.
ஆற்றின் ஒவ்வொரு மினுக்கமும்
ஊதிப் பெருத்து ஒரு ரூபாய் வட்டமாகிறது.
எவ்வளவு பணம்!
ஒன்றையும் பொறுக்க வழியில்லை.

நிஜக் காசு எடுக்கிற சொரிமுத்துவை
யாரோ கூப்பிட்டு வந்தார்கள்.
ரயில் பாலத்துக்குக் கீழே, கயிற்றில் காந்தம் கட்டி,
ஜன்னலோரத்து வேண்டுதல்களை இழுத்துச் சேர்க்கிறவன்.

“யக்கா, கண்ணு காட்டுற எடத்துல கைய வைக்காதீய.
நாலு விரக்கடை கீழ போணும்.
தண்ணி பொய் சொல்லும்லா.”

தண்ணீர் பொய் சொல்லவில்லை, சொரிமுத்து.
அதற்குள் வெளிச்சத்துக்கு நடை கொஞ்சம் மெதுவு.
வெளியே வந்ததும் வேகம் பிடித்து
வண்ணார்பேட்டையில் பஸ் ஒடிக்கிற மாதிரி ஒடித்துத் திரும்புகிறது.
கண்தான் பிடிவாதக்காரி.
வழியில் வெளிச்சம் எங்கேயாவது திரும்பியிருக்கும் என்பதை
அவள் ஒத்துக்கொள்வதே இல்லை.
வந்த திசையிலேயே நேர்கோடு இழுத்து
இல்லாத இடத்தில் மீனை வைக்கிறாள்.

சொல்வதற்குள் அவன் முங்கிவிட்டான்.

என் கவலை வேறு.
தண்ணீருக்குள் லென்ஸ் முழு லென்ஸாக இருப்பதில்லை.
காற்றில் எட்டு,
ஆற்றில் மூன்றுக்கும் கீழே.
கண்ணாடிக்கென்று தனியாகப் பலம் ஏது?
பக்கத்தில் இருப்பதைவிட எவ்வளவு வேறோ
அவ்வளவுதான் அது வளைக்கும்.
பாதிக்கு மேல் கரைந்துபோன ஒன்றை
எதை வைத்துத் தேடுவான்?

முதல் முங்கில் சோப்பு டப்பா.
அடுத்ததில் ஐந்து ரூபாய், அது அவன் டவுசர் பைக்கு.
மூன்றாவது முங்கவில்லை.
அசையாமல் நின்றான், நெடுநேரம்,
கொக்கு மாதிரி என்று கரையில் சிரித்தார்கள்.
பிறகு குனிந்தான், ஒரே தரம்.

“கண்ணாடியத் தேடல யக்கா.
மணல்ல வெளிச்சம் வலை மாரி நெளிஞ்சு ஓடுதுல்லா,
ரெண்டே ரெண்டு வட்டத்துல மட்டும்
கோணலா ஓடிச்சு.”

அறுபது கேட்டான். பேரம் பேசவில்லை.
ஒரு காதுக்கம்பியில் பாசி.
மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்;
பன்னிரண்டு சென்டிமீட்டர்வரை என் கண்ணை யாரும் குறை சொல்ல முடியாது.
லென்ஸில் ஒரு துளி, துளிக்குள் தலைகீழாய்ப் பாலம்.
அங்கே காசு எறிந்தால்
மேல்நோக்கித்தான் விழும்.

மாட்டிக்கொண்டேன்.
படித்துறைக் கல், கல்லின் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு
கண்ணாடியை மேசையில் வைக்கப் போனேன்.
கை நாலு விரக்கடை கீழே போய்
மேசைக்காலில் இடித்தது.