சாம்பிளுக்கு விட்ட செடி

இரவு பதினொன்றுக்குக் கரண்ட் போனது.
எழுபத்தொரு விழுக்காட்டில் நின்றது மடிப்புக் கணக்கு.
யூபிஎஸ் கீச்சிட்டு அடங்கியது.
கல்லட்டியில் ஒரு நாய்கூடப் பதில் குரைக்கவில்லை.

கணக்கு இதுதான்:
உருளைக்கிழங்கு இலைக்குள் குடியிருக்கும் ஒரு நூல்.
நான்கே எழுத்து, ஒன்பதாயிரத்து எழுநூறு இடம்.
ஏ கண்டால் யூ ஒட்டும், ஜீ கண்டால் சீ.
சில வேளை ஜீயும் யூவும்
முறை பார்க்காமல் சேர்ந்துவிடும்,
அதையும் கணக்கில் வைக்கவேண்டும்.
ஒட்டி ஒட்டி, நூல் தன்மேலேயே திரும்புகிற இடத்துக்குக்
கொண்டை ஊசி என்று பேர்.

வெளியே மசினகுடிக்கு இறங்கும் சாலையில்
முப்பத்தாறு இருக்கின்றன,
பலகையில் எண் போட்டு.
என்னுடையவை எத்தனை என்பதே இன்னும் கேள்வி.

படியெடுக்கும் நொதி வாலிலிருந்து ஏறுகிறது.
வளைவில் திணறும்,
லாரி ரிவர்ஸ் எடுக்கும்வரை
ஊட்டி பஸ் உறுமிக்கொண்டு நிற்பதுபோல.
பிறகு மடிப்பை அவிழ்த்துக்கொண்டு மேலே போகும்.
பத்தாயிரம் எழுத்துக்கு ஒரு பிழை,
அதாவது படிக்கு ஒன்று, ஏறக்குறைய.
எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள்.
இங்கே
பிழைத்த ஏடுதான் பிழைக்கிறது.

இரண்டரைக்குக் கரண்ட் வந்தது.
மறுபடி முதலிலிருந்து.

விடியும்போது இரண்டு வடிவம் கையில்.
ஆற்றலில் அரைக் கிலோகலோரி வித்தியாசம்கூட இல்லை.
எது உண்மை என்று கோவைக்குப் போன் போட்டேன்.
"ரெண்டும்தான். ஒரே மாதிரி உட்கார்ந்திருக்க
அது என்ன சிலையா?"
என்று தூக்கத்திலேயே சொல்லி வைத்துவிட்டாள் எப்சிபா.

திரையில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினேன்.
நாலாவது கொண்டை ஊசி அவிழ்ந்து சரிந்தது.
நொதிக்குப் பிடிமானம் இல்லை. படி இல்லை. நோய் இல்லை.
தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்,
ஸ்வெட்டர் கைக்குள் சத்தமே வரவில்லை.

எட்டு மணிக்கு வயல்.
தேமல் விழுந்ததையெல்லாம் போஜன்
போன வாரமே பிடுங்கிக் குழியில் போட்டிருந்தார்.
பாதிப் பாத்தி வெறும் மண்.
நடுவில் ஒரு செடி மட்டும்,
குச்சி நட்டு, நீலக் கயிறு கட்டி.
"உங்க சாம்பிளுக்கு விட்டு வெச்சேன் மேடம்."

இலையைத் திருப்பினேன்.
நரம்போரம் அசுவினி, அப்பிக்கொண்டு.
சிலவற்றுக்கு இறக்கை முளைத்திருந்தது.
வேலிக்கு அந்தப் பக்கம் லிங்கம்மாவின் பயிர்,
இருபது நாள்.
காற்றும் அந்தப் பக்கம்.

எனக்கு இன்னும் மூன்று இலை வேண்டும்.
மூன்று இலை, இரண்டு வாரம்,
இரண்டு வடிவத்தில் எது அதிக நேரம் நிற்கிறது
என்று சொல்ல.

குனிந்து கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன்.
பனியில் நனைந்து முடிச்சு இறுகியிருந்தது.
போஜன் ஒன்றும் கேட்கவில்லை,
கத்தியை நீட்டினார்.