இருமல் கணக்கு

மார்த்தாண்டத்துப் பெரிய ஆசுத்திரியின் சீட்டை
மழை படாமல் பால்கவருக்குள் மடித்துக்
கொண்டுவந்தான் மணியன்.
ஐந்து குளிகை. மாசம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
மழையென்றால் ரப்பர் வெட்டு இல்லை.
வெட்டு இல்லாவிட்டால் குளிகையும் இல்லை.
"ஒருநாள் விட்டு ஒருநாள் தின்னுதேன் சார்,
ரெண்டு மாசம் ஓடும்."

டாக்டர் ஷீபா ரோஸ் பேனாவைத் திறந்து
சத்துக் குளிகையை முதலில் வெட்டினாள்.
வயிற்றெரிச்சலுக்கு ஒன்று இருந்தது.
எப்போதிருந்து எரிகிறது என்று கேட்டாள்.
அவனுக்கு வயிறு எரிந்ததே இல்லை.
மிச்சம் மூன்று.
மூன்றும் என் அலமாரியில் உண்டு,
வேறு பெயரில், வெறும் வெள்ளையில்,
விலை அச்சிடாத தகட்டில்.

"நெறம் இல்லியே சார்?"
நெறத்துக்குத்தானவே இத்தன நாளும் துட்டு குடுத்தீரு என்றேன்.
சிரித்தான்.
அன்று சாயங்காலம் பேரேட்டை மூடாமல்
ஓர் ஆளுக்கு இவ்வளவு என்றால்
அருமனைக்கு எவ்வளவு, தாலுகாவுக்கு எவ்வளவு என்று
பெருக்கிப் பெருக்கிச் சந்தோஷப்பட்டேன்.
அதைச் சொல்லிவிட்டுத்தான்
அடுத்ததைச் சொல்ல முடியும்.

ரெத்தினபாய். அண்டி ஆபீசில் தல்லுகிறவள்.
சீட்டு நீட்டும் விரலெல்லாம் தோட்டெண்ணெய்க் கறை.
பிரஷருக்கு, இருப்பதிலேயே மலிவான குளிகை கொடுத்தோம்.
பிரஷர் இறங்கியது.
நாகர்கோவில் கூட்டத்தில்
எங்கள் ஆசுத்திரியின் பெயருக்கு நேரே
நன்று என்று போட்டிருந்தார்கள்.

இருமல் தொடங்கியது அவளுக்கு.
சளி இல்லை, காய்ச்சல் இல்லை, ராத்திரியானால் ஏறும்.
தூசு என்றேன் நான்.
அண்டி வறுக்கிற புகை என்றேன்.
தணுத்த வெள்ளம் குடிக்காதே என்றேன்.
கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்குத்தான்
எத்தனை காரணம் வாயில் வருகிறது.

மூன்று மாசம்.
மேல்புறத்து மருந்துக்கடையில்
இருமல் மருந்து ஒன்பது குப்பி.
நெஞ்சைப் படம் எடுக்க ஒருநாள் கூலி.
பக்கத்தில் இருப்பவர்கள் முறுமுறுத்ததில்
ஆபீசில் பதினொரு நாள் கூலி.
மகள் பாயைச் சுருட்டிக்கொண்டு
அடுத்த முறிக்குப் போய்விட்டாள்.
இதில் ஒன்றும் என் பேரேட்டில் ஏறவில்லை.
அரசுக்கு மிச்சமான பைசா
அவள் மடியிலிருந்துதான் போயிருக்கிறது,
நான் எடுத்துக் கொடுத்து.

டாக்டர்தான் கேட்டாள், சீட்டைப் பின்பக்கம் திருப்பி:
குளிகை எந்த மாசம், இருமல் எந்த மாசம்?
இரண்டும் ஆவணி.
பட்டியலில் அதற்கு அடுத்த மருந்து, கொஞ்சம் விலை கூடியது,
அதை எழுதினாள்.
மாற்றியதற்குக் காரணம் என்ற கட்டத்தில்
'உறங்கவில்லை' என்று மட்டும் எழுதிக்
கையொப்பம் போட்டாள்.

நான்காம் வாரம்
வரிசையில் அவள் நின்றது எனக்குத் தெரியவில்லை.
சத்தத்தை வைத்தல்லவா அவளை அறிந்திருந்தேன்.
கம்பிக்கு அருகே வந்து
ஒன்பது குப்பியையும் கழுவித் துடைத்துக்
கட்டைப்பையோடு வைத்தாள்.
"ஆருக்காவது மருந்து ஊத்திக் குடுக்க ஆகும்லா சார்."
அதில் கோபம் இருந்ததா என்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மணியன் மாசாமாசம் வருகிறான்.
இலவசமாக வாங்கியும்
ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தின்கிறானாம்.
பழகிப்போச்சு என்கிறான்.
அவனை உட்காரவைத்துப் பேச வேண்டும்,
வரிசை குறைகிற ஒருநாள்.

குப்பி ஒன்று நூற்றுப் பதினெட்டு ரூபாய்.
ஒன்பதுக்கு ஆயிரத்து அறுபத்திரண்டு.
எழுத அதற்கொரு பத்தி இல்லை பேரேட்டில்.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.
தணிக்கைக்கு வருகிறவர் கேட்கட்டும்.