முறை வைத்து

வீவக வீட்டில் இரண்டு பூனைகளுக்குத்தான் உரிமம்.
சம்பல் மூன்றாவது.
அதனால் பாதி வாழ்க்கை இந்த வேனில்.
முன்பு ரொட்டி ஏற்றியது,
மழை வந்தால் இன்னும் பாண்டான் வாசம்.

துவாஸிலிருந்து சாங்கிக்கு
ஒரு கோழித்தூக்க தூரம்.
கோப்பிக்கும் மைலோவுக்கும் அதுவே அதிகம்,
ஜூரோங் தாண்டுமுன் ஓலம்.

இன்று பிடோக் சமூக மன்றத்தில்
ஒட்டுத்துணிப் போர்வைகள்.
கண்ணாடியை விரற்கடை இறக்கி ஒருவர் காவல்,
மற்றவர் உள்ளே.
இதுவரை பதினொரு கண்காட்சி.
ஒன்றைக்கூடச் சேர்ந்து பார்த்ததில்லை.

முதலில் இளம்பரிதி போனார்.
திரும்பி வந்து "பரவாயில்லை" என்றார்,
சாப்பாட்டுக்குச் சொல்வதுபோல்.

என் முறை.
கடைசி வரிசையில், ரொஸ்னா என்பவர் தைத்தது:
கணவரின் கப்பல்பட்டறைச் சட்டைகள்,
நீலம், நீலம், வெளிறிய நீலம்,
ஒரு சதுரத்தில் மட்டும்
பை அப்படியே, பொத்தானோடு.
தொடாதீர்கள் என்றது அட்டை.

அந்தப் பையின் வாயில்
ஆரஞ்சு நிறத்தில் ஒரு முடி.
சம்பலுடையது.

நான் எடுக்கவில்லை.
வேனுக்கு வந்ததும்
"எப்படி?" என்றார்.
பரவாயில்லை என்றேன்.