எலுமிச்சை எசன்ஸ்

வடக்கு டக்கோட்டாவில் காற்று எதையும் ஒளிக்க விடாது.
ஒளிக்க வேண்டுமென்றால் மண்தான்.

லீலண்ட் ஓர் இரும்புக் கம்பியோடு வந்தான்.
அவனுக்கு ஒரு முழங்கால் சொந்தம்,
இன்னொன்று மைனாட் ஆஸ்பத்திரி போட்டது.
லைலாக் புதர் இருந்தால் வீடு இருந்திருக்கும் என்றான்,
வீடு இருந்தால் அதன் பின்னால் இன்னொன்றும்.
தப்படிக்கு ஒரு குத்து.
கம்பி முரண்டுபிடித்த இடங்களை விட்டுவிட்டு,
வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிய இடத்தில்
தொப்பியைக் கழற்றி வைத்தான்.
"இதுதான் அவர்களுடைய கக்கூஸ்."

நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, நாற்றமில்லை.
சாம்பல், சுண்ணாம்பு, பிறகு
காப்பித்தூள்போல உதிரும் கறுப்பு மண்.
அதில் கைப்பிடி ராஸ்பெர்ரி விதைகள்
முளைக்காமல், மக்காமல்:
யாரோ வயிறாரத் தின்ற ஒரு ஜூலை மாதம்.

முதலில் இருமல் மருந்துக் குப்பி, கழுத்து உடைந்தது.
ஒரு மைக்கூடு.
அப்புறம் அந்த நீலம்,
உடம்பெல்லாம் வரிவரியாய் மேடு.
விஷம் என்றான் லீலண்ட்,
விளக்கில்லாத ராத்திரியில் கைக்குத் தெரிய வேண்டாமா, அதற்குத்தான் வரி.
கீறல் இல்லாததால் எண்பது டாலர்.
துணியில் சுற்றினான், பச்சைப்பிள்ளையைச் சுற்றுவதுபோல.

அதற்குக் கீழே எலுமிச்சை எசன்ஸ்.
விரல் நீளம், தட்டையான முதுகு.
ஒன்று. நான்கு. பதினொன்று.
கடைசியில் முப்பத்தேழு.
ஒரு குப்பி இருந்தால் ஒரு குளிர்காலத்துக் கேக் முழுக்க மணக்கும்.
முக்கால் பங்கு சாராயம், தெரியுமா, என்றான்,
மதுவிலக்கு மாநிலத்தில் மளிகைக் கணக்கில் வாங்கலாம்.

பத்திரத்தில் பெயர் இருக்கிறது:
தோர்கெல் புரோத்தன், மனைவி சுன்னிவா, 1906.
குடித்தது அவள் என்றான் லீலண்ட்.
அவன் என்றேன் நான்.
ஒரு காப்பிக்குப் பந்தயம்,
தீர்ப்புச் சொல்ல ஆளில்லை.

என் தம்பி ஆரின் டிராக்டரை விட்டு இறங்கவில்லை.
நிலம் அவனுடையது.
எங்கே வேண்டுமானாலும் தோண்டுங்கள்,
பம்பு அறைக்குப் பின்னால் மட்டும் வேண்டாம்,
அங்கே குழாய் போகிறது என்று காலையிலேயே சொல்லியிருந்தான்.
வியாழக்கிழமைகளில் லூத்தரன் தேவாலயத்து நிலவறையில்
வட்டமாய் நாற்காலி போட்டு உட்காருகிறவன்.
பதினான்கு மாதம்.
சாவிக்கொத்தில் அதற்கென்று ஒரு வெண்கலக் காசு.

திரும்பும் வழியில்,
கெட்ட எண்ணம் எதுவுமில்லை, கைப்பழக்கம்தான்,
பம்பு அறைக்குப் பின்னால் ஒரு குத்து வைத்தான் லீலண்ட்.
வெண்ணெய்.
ஓரடிகூட இல்லை.
சிவப்புப் பிளாஸ்டிக் மூடி,
விலைக்கோடுகள்கூட அழியாத லேபிள்,
அதன் தோளோடு தோள் ஒட்டி இன்னொன்று.
குழாய் ஏதும் இல்லை.

லீலண்ட் என்னைப் பார்க்கவில்லை.
பூட்ஸ் காலால் மண்ணைத் தள்ளி மூடினான்,
இரண்டு முறை மிதித்தான், நல்ல காலால்.
"புதுசு" என்றான். "விலை போகாது."

சாயங்காலம் தொட்டியில் குப்பிகளைக் கழுவினேன்.
ஆரின் வந்து துண்டை எடுத்துக்கொண்டான்,
நான் கேட்கவில்லை.
ஒவ்வொன்றாய்த் துடைத்து
ஜன்னல் கட்டையில் நிறுத்தினான்.
ஒன்றில் தக்கை பாதி மிச்சமிருந்தது.
அதை மூக்கருகே கொண்டுபோனான்,
கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

"எத்தனை?" என்றான்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
எந்தக் குழியில் என்று நான் கேட்கவில்லை.

"எண்ணவில்லை" என்றேன்.
தலையாட்டிவிட்டு
அடுத்ததற்குக் கை நீட்டினான்.