கம்பளி கழற்றிய இரவு

எங்கள் தீவில் கிறிஸ்துமஸ் கோடையில் வரும்.
இரவு பத்து மணிக்கும்
பாத்திரம் கழுவ விளக்கு வேண்டாம்.
இருளில் நடந்த ஜனத்தின் கதையை
வெளிச்சம் போக மறுக்கும் வானத்தின் கீழ்
கண் கூசக் கூச வாசிப்பவர்கள் நாங்கள்.
பனிக்கட்டியும் மெழுகுவர்த்தியும் அச்சடித்த வாழ்த்து அட்டைகள்
தியேரா தெல் ஃபுவேகோ வந்து சேர்வதற்குள்
முகவரி தவறியவை போல் விழிக்கும்.

நான் நெல்தா கார்கமோ.
ஆட்டுமயிர் கத்தரிக்கும் கூட்டத்துக்குச் சமைப்பவள்.
பதினாறு ஆண்கள், பண்ணை பண்ணையாக அலைச்சல்,
நாளுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆடுகள்,
அதில் ஒன்று என் சட்டிக்கு.

அன்று இருபத்துநான்காம் தேதி.
ஜலசந்தியில் காற்று, படகு கிளம்பாது என்றது ரேடியோ.
பூசை வைக்க வரவேண்டிய சாமியாரும்
அவர் பையிலிருந்த பாலன் சொரூபமும்
அக்கரையிலேயே நின்றுவிட்டார்கள்.
உருளைக்கிழங்குப் பெட்டியில் நான் கட்டிய குடிலில்
மரியாளும் சூசையும்
வெறும் வைக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
"இந்த வருஷம் அவருக்கே இடம் கிடைக்கலை, படகுல"
என்றான் பால்தொமேரோ ஒயார்சோ.
நான் மட்டும்தான் சிரித்தேன்.

பதினொன்றுக்குத் தெற்கு கறுத்தது.
மழை. அதற்குள் கல்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது, சொல்கிறேன்:
கம்பளி போர்த்திய ஆட்டைக் கடும்பனியும் ஒன்றும் செய்யாது.
அன்று கத்தரித்த ஆட்டுக்கு
ஒரு குளிர்மழை போதும்.
வேலியோரம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி
விடிவதற்குள் விறைத்துவிடும்.

ஆடுகள் முதலாளியுடையவை.
கத்தரித்ததற்கான கூலி எங்கள் நோட்டில் ஏறியாயிற்று.
செத்தால் எங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.
இதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான்
பால்தொமேரோ பூட்ஸைத் தேடினான்.
பின்னாலேயே மற்றவர்கள்,
பண்டிகை இரவில் சொல்லக்கூடாத வார்த்தைகளோடு.
நானும் போனேன், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு.

எப்படி ஓட்டி வந்தோம் என்பது குழம்பலாகத்தான் நினைவிருக்கிறது.
நாய்கள், சேறு, யாரோ விழுந்தது.
பிறகு கொட்டகை.
ஆயிரம் உடம்புகளின் ஆவி கூரையில் முட்டிச் சொட்டியது.
எழ முடியாத ஒரு பெட்டையின்மேல்
தன் கம்பளி அங்கியைப் போர்த்திவிட்டு
பனியனோடு உட்கார்ந்திருந்தான் பால்தொமேரோ.
அவன் பற்கள் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

நான் அந்தப் பெட்டையின் முதுகில் கை வைத்தேன்.
இளஞ்சிவப்புத் தோல்.
கத்தரி கீறிய இரண்டு கோடு.
உள்ளே நிற்காத நடுக்கம்.

கடவுள் மனிதனானார் என்று
நாற்பது வருஷமாகக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன்,
உப்பு போதுமா என்று கேட்டால் ஆட்டுவார்களே, அப்படி.
ஆண்டவரே,
இவ்வளவு மெல்லிய தோலையா எடுத்து உடுத்தினீர்?
அங்கிருந்தே ஒரு போர்வை அனுப்பியிருக்கலாமே.
மழையை நிறுத்தியிருக்கலாம்.
விண்மீன்களைப் போர்த்தியிருந்தவர்
எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு
எங்கள் வேலியோரத்தில் வந்து நின்றிருக்கிறீர்,
நெருக்கிக்கொண்டு, நனைந்துகொண்டு.
கத்தரிக்கிறவன் கைக்குள் வாய் திறவாத ஆட்டைப்
பெரிய வெள்ளிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன்.
தீவனத் தொட்டியிலேயே அது தொடங்கியிருக்கிறது.
முதல் குளிரில்.
முதல் அழுகையில்.

இரண்டு மணிக்கு அந்தப் பெட்டை செத்துப்போனது.
பால்தொமேரோ அங்கியை உடனே எடுக்கவில்லை.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
மற்றவை பிழைத்தன, பெரும்பாலும்.

பாலன் சொரூபம் இருபத்தேழாம் தேதி வந்ததாம்.
நாங்கள் அதற்குள் அடுத்த பண்ணைக்குப் போயிருந்தோம்.
காலிக் குடிலை என் மடியில் வைத்துக்கொண்டு
லாரியில் வந்தேன்.

பண்டிகைக் காலையில் ரொட்டிக்கு மாவு பிசைந்தபோது
மூன்று முறை சோப்புப் போட்டும்
கையில் ஆட்டுமயிர்க் கொழுப்பின் வாடை.
மாவிலும் கொஞ்சம் ஏறியிருக்கும்.
பதினாறு பேரும் தின்றார்கள்.
ஒருவரும் குறை சொல்லவில்லை.